வழியால் வாழும் ஊர்

ஓர் ஊரின் வளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நீர்வளத்தையும் நிலவளத்தையுமே முதலில் எண்ணுகிறோம். ஆறு உண்டா, ஏரி உண்டா, மண் எத்தகையது என்று கேட்கிறோம். வழிவளம் என்ற ஒன்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், நாள்தோறும் ஓர் ஊருக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன, கடைசி வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, மழைக்காலத்தில் அது வருமா வராதா என்பவை அவ்வூர் மக்களின் வாழ்வை ஆற்றுநீரைப் போலவே ஆள்கின்றன. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறியுள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஊருக்குப் போவதென்றால் முப்பது மணி நேர இரயில் பயணம் நமக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. இறங்கிய பிறகு எஞ்சி நிற்கும் பத்து மைல்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

வழி என்பது ஓர் ஊருக்கு என்ன செய்யும், வழி அற்றுப்போனால் அவ்வூர் என்ன ஆகும் என்பதை முழுமையாகக் கண்டறிய விரும்புவோர் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அது ஸ்பெயின் நாட்டின் வடக்கெல்லையில், பைரனீஸ் மலைத்தொடரின் மடியில் உள்ள கான்பிராங்க் என்னும் சிற்றூர். இன்று அங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ அறுநூறு பேர். நம் நாட்டில் ஒரு தெருவில் அடங்கிவிடக்கூடிய மக்கள்தொகை. ஆனால் அவ்வூரின் புகைவண்டி நிலையம் 241 மீட்டர் நீளமுடையது. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அதற்கு 365 சாளரங்கள் என்பார்கள். அறுநூறு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய நிலையம் என்று வியப்பது இயல்பு. அந்த வியப்புக்கு விடை தேடினால் அவ்வூரின் வரலாறு முழுவதும் விரிந்துவிடும்.

பைரனீஸ் மலை ஸ்பெயினையும் பிரான்சையும் பிரித்து நிற்கும் இயற்கை மதில். அம்மதிலில் உள்ள வாயில்களுள் ஒன்று சோம்போர்ட் கணவாய். கடல் மட்டத்திற்கு மேல் 1,600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ள அக்கணவாயை உரோமானியர் ‘உயர்ந்த வாயில்’ என்ற பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அப்பெயரே திரிந்து இன்றைய பெயராயிற்று. ஸ்பெயினின் மேற்குக் கோடியில் உள்ள சந்தியாகோ திருத்தலத்திற்குக் கால்நடையாகச் செல்லும் கிறித்தவ அடியார்கள் இடைக்காலத்தில் இக்கணவாயைக் கடந்தே அரகோன் நாட்டிற்குள் இறங்கினார்கள். அவர்கள் தங்கி இளைப்பாறுவதற்காகக் கணவாயின் அருகில் புனித கிறிஸ்தினாவின் பெயரால் ஓர் அறச்சாலை இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலொன்று உலகின் மூன்று பெரிய அறச்சாலைகளுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறது. கணவாயிலிருந்து இறங்கும் அரகோன் ஆற்றின் கரையில், வழிப்போக்கரை நம்பியே வாழ்ந்த சிற்றூர் பழைய கான்பிராங்க். நமது சாலையோரச் சத்திரங்களைச் சுற்றி ஊர்கள் தோன்றியதைப் போன்றதே இதுவும்.

இருப்புப்பாதைகள் ஐரோப்பா எங்கும் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரகோன் மக்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. பைரனீஸ் மலையின் இரு கோடிகளிலும், கடலோரமாக, இரயில்கள் எல்லையைக் கடக்க வழியுண்டு. நடுவில் உள்ள நமக்கு மட்டும் வழியில்லையே என்பது அவர்கள் குறை. 1853இல் அரகோன் பெருமக்கள் இவ்வழி வேண்டுமென்று நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். 1882இல் வேலை தொடங்கிற்று. 1893இல் இரயில் ஹாக்கா நகரம் வரை வந்தது. 1904இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. மலையைக் குடைந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமான சுரங்கவழி அமைத்தனர். இடையில் முதல் உலகப்போர் வந்தது. இறுதியில் 1928 ஜூலை 18ஆம் நாள் ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் காஸ்தோன் தூமெர்கும் சேர்ந்து நிலையத்தைத் திறந்து வைத்தனர். கேட்டது 1853இல், கிடைத்தது 1928இல். இடையே எழுபத்தைந்து ஆண்டுகள்! கேட்டவர்களுள் எவரும் அந்த வண்டியில் ஏறியிருக்க முடியாது.

அந்த நிலையத்திற்காக ஒரு புதிய ஊரையே உருவாக்க வேண்டியிருந்தது. பழைய ஊருக்கு மேலே நான்கு கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், குறுகிய பள்ளத்தாக்கில் இடம் தேர்ந்தார்கள். ஆற்றைத் திருப்பினார்கள். சுரங்கம் குடைந்தபோது வெளிவந்த கல்லையும் மண்ணையும் கொட்டிச் சமவெளி ஆக்கினார்கள். குளிர்காலத்தில் மலைச்சரிவிலிருந்து பனிப்பாறைகள் உருண்டு வந்து நிலையத்தை அழித்துவிடாமல் இருக்கச் சரிவுகளில் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். எண்ணற்ற மரங்களை நட்டார்கள். இன்று அந்தச் சரிவுகளில் நாம் காணும் அடர்ந்த காடு தானாக முளைத்த காடன்று. ஒரு புகைவண்டி நிலையத்தைக் காப்பதற்காக மனிதர் வளர்த்த காடு.

நிலையம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? நம் நாட்டில் இரயிலேறியவர்கள் இதற்கான காரணத்தை உடனே புரிந்துகொள்வார்கள். ஸ்பெயின் நாட்டுத் தண்டவாளம் அகலமானது. இன்றைய அளவில் 1,668 மில்லிமீட்டர். நமது அகலப் பாதையை விட 8 மில்லிமீட்டரே குறைவு. பிரான்சின் தண்டவாளமோ 1,435 மில்லிமீட்டர். ஒரு நாட்டு வண்டி மறு நாட்டுப் பாதையில் ஓட இயலாது. ஆகவே கான்பிராங்கில் எல்லாரும் இறங்கியே ஆக வேண்டும். கட்டடத்தின் ஒரு புறத்தில் பிரெஞ்சு வண்டி வந்து நிற்கும். மறுபுறத்தில் ஸ்பானிய வண்டி காத்திருக்கும். பயணிகள் இறங்கிக் கட்டடத்தின் உள்ளே புகுந்து, கடவுச்சீட்டைக் காட்டி, சுங்க அதிகாரிகளிடம் பெட்டியைத் திறந்து காட்டி, மறுபுறம் வெளியேறி அடுத்த வண்டியில் ஏற வேண்டும். சரக்குகளையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். வடக்கே இருந்து அகலப் பாதை வண்டியில் சென்னை சென்ட்ரலில் வந்திறங்கி, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் எழும்பூருக்கு விரைந்து, மீட்டர் பாதை வண்டியைப் பிடித்துத் தென்மாவட்டங்களுக்குச் சென்ற தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தத் தொல்லையே கான்பிராங்கிற்கு வாழ்வாயிற்று. சுமை தூக்குவோர், சுங்கத்தார், காவலர், இயந்திர ஓட்டுநர், உணவுவிடுதி நடத்துவோர் எனப் பல குடும்பங்கள் அங்கே குடியேறின. பிரெஞ்சு அதிகாரிகளும் ஸ்பானிய அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றினார்கள்.

ஆனால் எண்ணியபடி வண்டிகள் நிறையவில்லை. திறந்த மறு ஆண்டே உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிற்று. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது சுரங்கவழியை அடைத்துவிட்டனர். 1940இல் அது மீண்டும் திறந்தது. அடுத்த சில ஆண்டுகள்தான் அந்நிலையத்தின் வரலாற்றில் மிகக் கொடியவையும் மிக உயர்ந்தவையும் ஆகும். இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஓடிய யூதர்களும் பிறரும் இவ்வழியே ஸ்பெயினுக்குள் புகுந்து, போர்ச்சுகல் சென்று, கப்பலேறி உயிர் பிழைத்தார்கள். 1942 நவம்பரில் ஜெர்மானியப் படை தென் பிரான்சைக் கைப்பற்றியபின் கான்பிராங்கிற்கும் வந்து சேர்ந்தது. அப்போது பிரெஞ்சுச் சுங்கத் தலைவராக இருந்த ஆல்பேர் லெ லே என்பவர் ஜெர்மானியரின் கண்ணெதிரிலேயே செய்திகளைக் கடத்தினார். தப்பி வந்தோருக்கு உதவினார். 1943இல் தமக்கே ஆபத்து நெருங்கியபோது குடும்பத்துடன் தப்பிச் சென்றார். அதே தண்டவாளத்தின் வழியே ஜெர்மானியரின் தங்கம் தெற்கே சென்றது. அவர்கள் படைக்கலத் தொழிலுக்கு வேண்டிய டங்ஸ்டன் கனிமம் வடக்கே சென்றது. வழிக்கு நல்லவர் தீயவர் என்ற வேறுபாடு தெரியாது. வருவோர் எல்லாரையும் அது ஏற்றுக்கொள்ளும்.

தங்கம் சென்றதற்கான சான்று எவ்வாறு வெளிப்பட்டது என்பதும் சுவையான செய்தி. 2000ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து அவ்வூருக்குப் பேருந்து ஓட்டி வந்த ஓட்டுநர் ஒருவர், பாழடைந்த நிலையத்தில் சிதறிக் கிடந்த பழைய தாள்களைக் கையிலெடுத்துப் பார்த்தார். அவை போர்க்காலச் சரக்குப் பதிவுகள். 80 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் அவ்வழியே சென்றதை அவை காட்டின. அரசுகளும் அறிஞர்களும் கவனியாது விட்டதை, அந்த ஊருக்கு அன்றாடம் வந்து போன ஒரு பேருந்து ஓட்டுநரின் கண் கண்டது.

1944 ஏப்ரலில் பழைய கான்பிராங்க் தீப்பற்றி எரிந்தது. மிகச் சில வீடுகளே எஞ்சின. வீடிழந்தோர் மேலே நிலையத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புக்குச் சென்றார்கள். அன்று முதல் நிலையமே ஊராயிற்று. ஊருக்காக நிலையம் அமைவதைக் கண்டிருக்கிறோம். நிலையத்திற்காக ஊர் அமைந்தது இங்கேதான்.

அந்த ஊரின் ஊழ் 1970 மார்ச் 27ஆம் நாள் மலையின் மறுபுறத்தில் தீர்மானமாயிற்று. மக்காச்சோளம் ஏற்றிய சரக்கு வண்டியொன்று பிரான்சிலிருந்து ஏறி வந்தது. அது மிகச் செங்குத்தான பாதை. உறைபனியால் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிற்று. வண்டி பின்னோக்கி ஓடத் தொடங்கிற்று. நிறுத்த இயலவில்லை. லெஸ்தாங்கே என்னுமிடத்துப் பாலத்தில் மோதிப் பாலத்தையே வீழ்த்திற்று. நல்வினையாக ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் பிரான்சு அந்தப் பாலத்தைத் திரும்பக் கட்டவில்லை. செலவு மிகுதி, வருவாய் குறைவு என்றது. மலையின் இரு கோடிகளிலும் வேறு வழிகள் இருக்க, நடுவழி எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. ஒரு சிறு பாலம் விழுந்ததால் பன்னாட்டு வழி ஒன்று மூடிற்று. எழுபத்தைந்து ஆண்டு காத்துப் பெற்ற வழி, இடையிடையே மூடிக் கிடந்த காலத்தையும் சேர்த்து, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

சுங்கத்தார் போயினர். சுமை தூக்குவோர் போயினர். சாளரக் கண்ணாடிகள் உடைந்தன. கூரை ஒழுகிற்று. வழிகெட்ட ஊர்கள் பல முற்றிலும் காலியாகியிருக்கின்றன. கான்பிராங்க் மட்டும் எவ்வாறு பிழைத்தது? இந்த வினாவுக்கு விடை காணும் ஆவலோடுதான் 2023இல் நான் அங்குச் சென்றேன்.

சரகோசா நகரிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு வண்டிகள் கான்பிராங்கிற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. டீசலில் ஓடும் சிறிய வண்டி. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். உயெஸ்கா நகரைக் கடந்து, ரிக்லோஸ் என்னுமிடத்தில் வானளாவி நிற்கும் செந்நிறப் பாறைத் தூண்களின் அடிவாரத்தில் வளைந்து, சபிஞானிகோ, ஹாக்கா என்று ஏறிச் செல்கிறது. காரில் சென்றால் இதில் பாதி நேரமே ஆகும். ஆகவே வண்டியில் இருந்தவர்கள் விரைவு வேண்டாதவர்கள், அல்லது கார் இல்லாதவர்கள். மாணவர், முதியோர், முதுகில் பை சுமந்த மலையேறிகள். விரைவாகச் செல்வோர் எந்த வழியிலும் சென்றுவிடுவர். இந்த வண்டி இல்லாவிட்டால் செல்லவே இயலாதவர்களுக்காகத்தான் அது ஓடுகிறது.

ஹாக்காவிலிருந்து கான்பிராங்கிற்குச் சாலை வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர். பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் நின்று நின்று ஒரு பேருந்து ஏறுகிறது. கான்பிராங்கையும் கடந்து பனிச்சறுக்கு நடக்கும் கண்டஞ்சூ, அஸ்தூன் வரை செல்வதும் உண்டு. ஒரு நாள் ஹாக்காவிற்குச் செல்ல அதில் ஏறினேன். முன் இருக்கையில் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். ஓட்டுநர் அவரை நலம் வினவினார். அவரும் மறுமொழி சொன்னார். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஸ்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தேன். மருந்து வாங்கவும், கண் மருத்துவரைப் பார்க்கவும், நேரமிருந்தால் தங்கை வீட்டில் உண்டுவிட்டு வரவும் போகிறாராம். “நிலையத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன், மிகவும் அழகு என்றேன். “அது வெளியூர்க்காரர்களுக்கு. எனக்கு இந்தப் பேருந்து” என்று சொல்லிச் சிரித்தார். நான் தேடி வந்த விடையை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பெருவழி அற்றபின் அந்த ஊரைக் காத்தவை இத்தகைய சிறுவழிகளே. மன்னர்கள் திறந்து வைக்காத வழிகள் அவை. பிரெஞ்சுப் பக்கத்திலும், பாலம் விழுந்தபின் இரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டார்கள். ‘போ’ என்னும் பெயருடைய பிரெஞ்சு நகரம் ஒன்று உண்டு. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் வேடிக்கையாக ஒலிக்கும். அங்கிருந்து புறப்படும் இரயில் முன்பு ஒலோரோன் வரை மட்டுமே வந்தது. 2016இல் பெதூஸ் என்னும் ஊர் வரை பாதையைப் புதுப்பித்துத் திறந்தனர். அங்கே இறங்கிப் பேருந்தில் மாறினால் மலையைக் கடந்து கான்பிராங்கிற்கு வந்துவிடலாம். பெதூசுக்கும் கான்பிராங்கிற்கும் இடையே இருப்புப்பாதையில் எஞ்சியுள்ள தொலைவு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அரை நூற்றாண்டுக்கு மேலாக இரு பக்கத்து மக்களும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த 33 கிலோமீட்டரைத்தான். ஆய்வுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் அளித்திருக்கிறது.

சாலைக்கு மட்டும் பணம் தாராளமாகக் கிடைத்தது. 2003 ஜனவரியில் 8,600 மீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம் திறக்கப்பட்டது. குளிர்காலப் பனியால் கணவாய் மூடும் தொல்லை அதனால் தீர்ந்தது. பேருந்தும் தடையின்றி வர முடிகிறது. அதே வழியில் பெரிய சரக்கு லாரிகளும் வந்தன. பிரெஞ்சுப் பக்கத்து ஆஸ்ப் பள்ளத்தாக்கு குறுகலானது. சாலை சிற்றூர்களின் நடுவே செல்வது. அங்குள்ளோர் பலர் சுரங்கம் கட்டும்போதே எதிர்த்துப் போராடினார்கள். லாரியில் போகும் சரக்கை இரயிலில் அனுப்பலாமே என்பது அவர்கள் கேள்வி. அதற்கு இன்னும் நிறைவான மறுமொழி கிடைக்கவில்லை.

பழைய இரயில் சுரங்கம் வீணாகிவிடவில்லை. சாலைச் சுரங்கத்தில் தீ மூண்டால் மக்கள் தப்பிச் செல்லும் வழியாக அது பயன்படுகிறது. அதன் உட்பகுதியில், ஏறத்தாழ 800 மீட்டர் பாறைக்கு அடியில், 1980களின் நடுவில் தொடங்கிய அறிவியல் ஆய்வுக்கூடம் வளர்ந்து நிற்கிறது. விண்ணிலிருந்து ஓயாது பொழியும் துகள்களை மேலுள்ள பாறை தடுத்து நிறுத்துவதால், மிக நுண்ணிய நிகழ்ச்சிகளை அங்கு ஆராய முடிகிறது. நியூட்ரினோவின் இயல்பையும், அண்டத்தில் கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருளையும் தேடி அறிஞர்கள் அங்கு வருகிறார்கள். அடியார்கள் வந்தார்கள், அகதிகள் வந்தார்கள், இப்போது அறிவியலார் வருகிறார்கள்.

நிலையமும் உயிர்பெற்றது. அரகோன் அரசு 2013இல் அதை வாங்கிச் செப்பனிட்டது. 2021இல் பின்புறத்தில் சிறிய புதிய நிலையம் திறக்கப்பட்டு வண்டிகள் அங்கு மாறின. பழைய மாளிகை 2023 ஜனவரி முதல் உயர்தர உணவு விடுதியாகவும் தங்கும் விடுதியாகவும் விளங்குகிறது. பயணச்சீட்டுக் கொடுத்த பெருங்கூடத்தில் இப்போது விருந்தினரை வரவேற்கிறார்கள். ஊருக்கு வேலைவாய்ப்பு வந்தது, அது நன்மையே. ஆயினும் அக்காட்சி எனக்கு முழு மகிழ்ச்சியைத் தரவில்லை. ஒரு நிலையம் அழகாக இருப்பது அதன் பயன் அன்று. அங்கிருந்து போக முடிவதே அதன் பயன். அரண்மனை போன்ற மாளிகையின் பின்னே, அடக்கமாக நிற்கும் புதிய நிலையத்தில் நாளுக்கு இருமுறை வந்து நிற்கும் அந்தச் சிறு வண்டி நின்றுவிடுமானால், மாளிகை கண்காட்சிப் பொருளாகிவிடும். ஊர் அதன் காவற்குடியாகிவிடும். பாதையைப் புதுப்பிக்கும் பணிக்காக இரயில் நின்ற காலங்களில் அவ்வூருக்கு மாற்றாக ஓடியதும் பேருந்தே.

புறப்பட்டு வந்தவர்கள் நாம். நம் ஊர்களில் இன்னும் வாழும் அத்தையும் சித்தப்பாவும் காலை வண்டியில் சந்தைக்குச் சென்று மாலை வண்டியில் திரும்புகிறார்கள். ஊருக்கு நிதி திரட்டும்போது நாம் கோயில் கோபுரத்தையும் பள்ளிக் கட்டடத்தையும் வளைவையும் நினைக்கிறோம், அவை வேண்டியவையே. ஆனால் வருவாய் இல்லை என்று கூறி அந்த மாலை வண்டியை ஒரு நாள் நிறுத்துவார்களானால், அதைக் கேட்பதற்கு ஊரில் எஞ்சியிருக்கும் முதியோர் குரல் போதாது. வெளியூரில் இருந்தாலும் எழுதத் தெரிந்தவர்கள் நாம். நாமும் ஒரு மனு எழுத வேண்டும். கான்பிராங்க் மக்கள் தம் 33 கிலோமீட்டரை அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல் வண்டிக்கு அவர்கள் முன்னோர் காத்திருந்தது எழுபத்தைந்து ஆண்டுகள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை இழக்கும் காலம் வரவில்லை.